மேக்-மேக் ஒபெலின் பேசிய நன்றியுரை

எங்கள் பெரியம்மா ஒபெலின் மாயேவுக்கு இருபத்திரண்டு வருடம் "மேக்-மேக்" என்றுதான் பெயர். வைத்தவர் இறால் கம்பெனி சூப்பர்வைசர் டிங்லி. அவரைப் பழிவாங்க பெரியம்மா எடுத்துக்கொண்டதும் அதே இருபத்திரண்டு வருடம்தான். அவசரமே இல்லாத ஆள். நானாக இருந்தால் முதல் வாரமே அவருடைய தொப்பிக்குள் உயிரோடு ஒரு சிங்கி இறாலை வைத்திருப்பேன். பின்னால் நானும் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது வைக்கவும் செய்தேன். அதற்கு மூன்று நாள் வேலை போனது, அவ்வளவுதான் பலன்.

பெரியம்மா கம்பெனியில் சேர்ந்தது பதினேழு வயதில். எங்கள் கரையில் எல்லோரும் பிரெஞ்சு, கம்பெனியில் அதிகாரம் உள்ளவர்கள் எல்லோரும் ஆங்கிலம். முதல் நாள் டிங்லி கேட்டாராம், உனக்கு என்னென்ன வேலை தெரியும் என்று. பெரியம்மா எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பாத்திரம் மேக் பண்ணுவேன், தரை மேக் பண்ணுவேன், துணி மேக் பண்ணுவேன்.

"அப்ப சிங்கியையும் மேக் பண்ணுவியா? அதக் கடவுள் மேக் பண்ணி அனுப்பிடுறாரும்மா. நீ ஓட்டை மட்டும் உரி, போதும்" என்றார் டிங்லி. அதோடு விடவில்லை. இறால் நகர்ந்து வருகிற பெல்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, அறுபது பெண்களுக்கும் அதைச் சொல்லிக் காட்டினார். சிரிக்காதவர்களுக்கு இரண்டாவது முறை சொன்னார்.

பெரியம்மா மேல் குற்றமில்லை. எங்கள் மொழியில் "ஃபேர்" என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது, பெரியம்மா அதைத்தான் மேக் ஆக்கினாள். வீட்டுக்கு ஒரே கத்தி மாதிரி. ரொட்டியும் அதில்தான், மீனும் அதில்தான், ஆத்திரத்துக்குத் தலைமுடியும் அதில்தான். சமைப்பது, கழுவுவது, நடிப்பது, பயமுறுத்துவது, வரிசையில் நிற்பது, குளிரடிப்பது, எல்லாவற்றுக்கும் ஃபேர். ஆங்கிலேயர்கள் பணக்காரர்கள். ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனிக் கத்தி வைத்திருக்கிறார்கள். கேக்குக்கு "பேக்". பாத்திரத்துக்கு "வாஷ்". படுக்கை விரிக்க மட்டும் திடீரென்று "மேக்". ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் பெரியம்மா ஒரு டப்பா லேபிளைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் முதல் சொல்லை எழுதினாள். அச்சு பிசகின லேபிள்கள் கம்பெனியில் குப்பையாகக் கிடக்கும். ஒரு லேபிளுக்கு ஒரு ஃபேர், அதன் கீழே அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள் என்பது. வானொலியில் பேஸ்பால் வர்ணனை கேட்டு எழுதினாள். மீன் சுற்றி வந்த செய்தித்தாளைக் காயவைத்து எழுதினாள். நிறைய சொற்கள் டிங்லியின் வாயிலிருந்து விழுந்தவை. தான் ஒரு அகராதியாக நடமாடிக்கொண்டிருந்தது அந்த மனிதருக்குத் தெரியாது. போன கோடையில் நான் எண்ணிப் பார்த்தேன், நூற்று எண்பத்து நான்கு லேபிள்கள். ஆனால் கம்பெனியில் வாயைத் திறந்தால் அதே பழைய மேக் மேக்தான்.

"ஏன் பெரியம்மா, இவ்ளோ தெரிஞ்சும் அந்தாளு முன்னாடி முட்டாள் மாதிரி நிக்கிற?"

"உனக்கு வேற வேல இல்லையாடி வாலு? போய் அடுப்பப் பாரு."

பட்டப்பெயருக்காக மட்டும் என்றால் அவள் இத்தனை வருடம் காத்திருக்கமாட்டாள். இன்னொன்று நடந்தது. அது என் அம்மாவைப் பற்றியது.

அம்மாவின் பெயர் தோமிதில், பெரியம்மாவின் ஒரே தங்கை. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அவளும் பெல்ட்டில் சிங்கி உரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் போடக்கூடாது, கறியில் விழுந்துவிடும் என்று. எல்லோருக்கும் பொது, சுவரில் கம்பிவலைக்குள் இருந்த ஒரே கடிகாரம். அந்தக் கம்பிவலையின் சாவி டிங்லியின் இடுப்பில். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டுக் கடிகாரமும் முந்தி ஓடுகிறது என்று பெண்கள் நம்பினார்கள். வீட்டுக்கு வந்து கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். மறுநாள் அது மறுபடி முந்தி ஓடும். என்ன ஊரோ!

அம்மாதான் ஒருநாள் ரப்பர் பூட்ஸுக்குள் கைக்கடிகாரத்தை ஒளித்துக்கொண்டு போனாள். காலையில் இரண்டும் ஒரே மணி காட்டின. மத்தியானத்துக்குள் சுவர்க் கடிகாரம் பின்தங்கிவிட்டது. மூன்று நாள் பார்த்தாள், மூன்று நாளும் அப்படியே. நான்காம் நாள் பெல்ட்டை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னாலும் கேட்டாள், கூலியில்லாமல் கூடுதல் வேலை வாங்க முள்ளைத் தள்ளுவது யார் என்று.

டிங்லி கத்தவில்லை. பூட்ஸைக் கழற்றச் சொன்னார். கைக்கடிகாரம் விழுந்தது. விதியை மீறினாள், பொய் சொன்னாள், கலகம் செய்தாள் என்று அன்றே வெளியே அனுப்பினார். கரையில் இருந்த மற்ற ஆறு கம்பெனிகளுக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் போனது, இவள் பொய்க்காரி என்று. யாரும் வேலை கொடுக்கவில்லை. அம்மா மாங்டன் நகரத்தில் ஓர் ஓட்டலில் அறை கூட்டப் போனாள். வாரத்தில் ஆறு நாள் அங்கே, ஞாயிறு மட்டும் இங்கே. மற்ற நாளெல்லாம் நான் பெரியம்மா வீட்டில். அதனால்தான் இப்படி ஆனேன் என்று பாதிரியார் சொல்கிறார்.

அன்று பெல்ட்டில் நின்ற அறுபது பேரில் ஒருத்தியும் அம்மாவுக்காகப் பேசவில்லை. பெரியம்மாவும் பேசவில்லை. அவள் அதை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை. ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்பது வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். டிங்லி தன் வாயால், ஆட்கள் முன்னால், கடிகாரத்தில் கைவைத்தேன் என்று சொல்லவேண்டும்.

போன வருடம் டிங்லிக்கு ஓய்வு வந்தது. முதலாளியம்மா மிஸஸ் ஹிக்ஸ் கோயில் மண்டபத்தில் விருந்து ஏற்பாடு செய்தார், ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்கு. அது மாதாவின் திருநாள், எங்கள் சனங்களின் பெருநாள். ஆங்கிலேயர்களுக்கு வெறும் புதன்கிழமை. கொஞ்ச வருடமாக அன்று ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கோயில் மணி அடிக்கும், ஊரே சட்டி, பானை, மூடி, தகரம் என்று கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறது. இருநூறு வருடத்துக்கு முன்னால் ஆங்கிலேயர்கள் எங்களைக் கப்பலேற்றி விரட்டினார்களே, நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று காது கிழியச் சொல்வதற்கு. இதை மிஸஸ் ஹிக்ஸிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பெல்ட் பெண்கள் சார்பில் ஒருத்தி ஆங்கிலத்தில் நன்றியுரை சொல்லவேண்டும் என்றார்கள். பெண்கள் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். டிங்லியே தீர்த்து வைத்தார்.

"மேக்-மேக் பேசட்டும். கடைசி நாள், நானும் கொஞ்சம் சிரிச்சுட்டுப் போறேன்."

"சரிங்க சார்" என்றாள் பெரியம்மா.

பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு செலெஸ்தா ஓடி வந்தாள். "ஒபெலின் அக்கா, விடாத. நூத்தி எண்பத்தி நாலையும் எடுத்து அந்தாளு மூஞ்சில அடி. ஒரு மேக் வரக்கூடாது, ஆமா."

"பாக்கலாம்டி."

"என்ன பாக்கலாம்? நான் புதுச் சட்டை தச்சிருக்கேன் இதுக்குன்னே."

நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ராத்திரி பகலாக லேபிள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். காகிதத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். என்னைக் கிட்டே விடவில்லை.

பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்த அம்மாவை, மண்டபச் சமையலறையில் ஒரு கை குறைகிறது என்று சொல்லி இழுத்து வந்தாள் பெரியம்மா. அம்மாவுக்கு விருப்பமே இல்லை.

"அந்த ஆளுக்கு நான் கோழிக் குழம்பு ஊத்தணுமா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா அக்கா?"

"நீ ஊத்த வேண்டாம். பாத்திரம் கழுவு. அந்த ஜன்னல் பக்கத்துத் தொட்டில நின்னு கழுவு."

மண்டபத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தட்டு நீட்டுகிற ஜன்னல் ஒன்று இருக்கிறது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே அங்கே போய் நின்றாள்.

சாப்பாடு முடிந்தது. மிஸஸ் ஹிக்ஸ் பேசினார். டிங்லிக்கு ஒரு தூண்டில் கோலும் சட்டம் போட்ட படமும் கொடுத்தார்கள். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியம்மா எழுந்தபோது மண்டபக் கடிகாரத்தில் ஆறு ஆகப் பதினைந்து நிமிடம். அவள் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கையில் ஒரு லேபிள்கூட இல்லை.

பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். முதலில் வானிலையைப் பற்றிச் சொன்னாள். பிறகு ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வணக்கம் வைத்தாள், மிஸஸ் ஹிக்ஸின் நாய் உட்பட. செலெஸ்தா என் விலாவில் இடித்தாள். "என்னடி இழுத்துக்கிட்டே போறா?"

பிறகு டிங்லி பக்கம் திரும்பினாள்.

"மிஸ்டர் டிங்லி, நீங்க எங்களுக்கு நெறைய மேக் பண்ணீங்க."

செலெஸ்தா தலையில் கைவைத்தாள். டிங்லி நாற்காலியில் சாய்ந்து, முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்தார்.

"காலைல ஏழு மணிக்கு விசில மேக் பண்ணீங்க."

"மேக் இல்ல, ஒபெலின். நான் விசில் ஊதினேன்."

"நன்றி சார். நான் விசில் ஊதினேன். புதுசா வர்ற பொண்ணுங்கள பயம் மேக் பண்ணீங்க."

"மேக் இல்லம்மா. மிரட்டினேன். நான் மிரட்டினேன்!"

ஆங்கிலேயர் மேசையில் ஒரே சிரிப்பு. டிங்லி அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். எங்கள் மேசையில் பெண்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. நூற்று எண்பத்து நான்கும் தெரிந்தவள் ஏன் இப்படி நிற்கிறாள்? பயத்தில் மறந்துவிட்டதா?

"கிறிஸ்மசுக்குத் தாடி வச்ச தாத்தாவ மேக் பண்ணீங்க."

"வேஷம் போட்டேன்."

"நாங்க பெல்ட்டுல பாடினா வாய் மூடு மேக் பண்ணீங்க."

"பாட்ட நிறுத்தினேன். எத்தன தடவ சொல்லிக்குடுத்திருக்கேன், ஒபெலின்! ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்த இருக்கு."

"மன்னிக்கணும் சார். எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான்." பெரியம்மா தலையைச் சொறிந்தாள். வெட்கப்படுகிறவள் மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"அப்பறம், பத்து மணிக்கு நாங்க குனிஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கப்ப, கடிகார முள்ள பின்னால மேக் பண்ணீங்க."

"மேக் இல்ல. நான் பின்னுக்குத் தள்ளி வச்சேன்."

"எவ்ளோ சார்? கால் மணி நேரமா?"

"ச்சே, கால் மணியெல்லாம் இல்ல. பன்னெண்டு நிமிஷம்."

பெரியம்மா அவர் சொன்னதை, இதற்கு முந்தியதைப் போலவே, மாணவி மாதிரி திருப்பிச் சொன்னாள். இந்த முறை ஒரு எழுத்துப் பிசகவில்லை. வானொலியில் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி ஆங்கிலம். "நான் கடிகாரத்தைப் பன்னிரண்டு நிமிடம் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். நன்றி, மிஸ்டர் டிங்லி."

யாரும் சிரிக்கவில்லை. மிஸஸ் ஹிக்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். டிங்லியின் பல் இன்னும் வெளியேதான் இருந்தது, முகம் மட்டும் அதற்குப் பின்னாலிருந்து போய்விட்டது. தட்டு நீட்டுகிற ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும்.

"இல்ல, அது வந்து," என்று எழுந்தார் டிங்லி. "அந்தக் காலத்துல..."

அந்தக் காலத்தில் என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கோயில் மணி அடித்தது. வெளியே ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சட்டியும் பானையும் வெடித்தன. மண்டபத்துச் சன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. டிங்லியின் வாய் அசைகிறது, கை அசைகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. மிஸஸ் ஹிக்ஸ் காதைப் பொத்திக்கொண்டார். செலெஸ்தா தன் தட்டைக் கவிழ்த்து கரண்டியால் தட்ட ஆரம்பித்தாள். அப்புறம் எங்கள் மேசை முழுவதும். நான் குழம்புப் பானை மூடிகள் இரண்டை எடுத்துக்கொண்டு டிங்லியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். பண்டிகைதானே, யார் என்ன சொல்ல முடியும்?

பெரியம்மா மட்டும் எதையும் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சத்தம் நீடித்த கால் மணி நேரமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும்போது கேட்டேன். "எல்லாரும் உன்னப் பாத்துச் சிரிச்சாங்களே பெரியம்மா, உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"சிரிக்கட்டும். நான் நல்லாப் பேசியிருந்தா உஷாராயிருப்பான். முட்டாள் தப்புவிட்டா அந்தாளால திருத்தாம இருக்க முடியாது. இருபத்திரெண்டு வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அந்த ஆறு மணி?"

"விளக்கம் சொல்ல விடக் கூடாதுல்ல."

அம்மா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்: "பத்து வருஷத்துக்கு முன்னாடியே அந்த வாயத் தெறந்திருந்தா எனக்கு இவ்ளோ பாத்திரம் மிச்சம், அக்கா."

 மறுநாள் காலை பெரியம்மா நேராகக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள்.

பழைய கடிதம் போன ஆறு கம்பெனிக்கும் புதுக் கடிதம் போகவேண்டும் என்று கேட்டாள். மிஸஸ் ஹிக்ஸ் மறுக்கவில்லை. அறுபது பேர் கேட்டதை எங்கே போய் மறுப்பது? முதலில் எழுதிக் காட்டிய கடிதத்தில் "நேரம் குறித்து ஒரு மனக்குறை ஏற்பட்டது" என்று இருந்தது. பெரியம்மா மேசை மேல் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து "ஏற்பட்டது" என்பதை அடித்தாள். "தானா ஏற்படல மேடம். ஒருத்தர் செஞ்சது." இரண்டாவதில் "கடிகாரம் மாற்றப்பட்டிருக்கலாம்" என்று இருந்தது. அதையும் அடித்தாள். மூன்றாவதுக்குத் தட்டச்சு செய்கிற பெண் பக்கத்தில் பெரியம்மாவே நின்றுகொண்டு, தான் சொல்லச் சொல்ல அடிக்க வைத்தாள். எங்கள் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்தார். தோமிதில் மாயே உண்மையைச் சொன்னார். நாங்கள் அவரைப் பொய்க்காரி என்று எழுதினோம். பொய் சொன்னது நாங்கள்.

மிஸஸ் ஹிக்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாராம். "ஒபெலின், இவ்வளவு ஆங்கிலம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"உங்க டப்பா லேபிள்லதான் மேடம்" என்றிருக்கிறாள். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

கடிதத்தை அம்மா அடுப்படியில் நின்று வாசித்தாள். அவளுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும், விரலை வைத்து வாசிப்பாள். கடைசி வரியில் விரல் ரொம்ப நேரம் நின்றது. "உப்பு கூடிப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பு பக்கம் திரும்பினாள். அடுப்பில் வெறும் தண்ணீர்தான் கொதித்துக்கொண்டிருந்தது. அக்டோபரில் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டாள். கரையில் தள்ளி இருக்கிற ஒரு கம்பெனியில் இப்போது மீன் தரம் பிரிக்கிறாள். வீட்டில் எனக்குத் தினமும் திட்டு. இருக்கட்டும்.

டிசம்பரில் நானும் பெரியம்மாவும் தபால் அலுவலகத்துக்குப் போனோம். முழங்கால் வரை பனி. டிங்லி உள்ளேயிருந்து வெளியே வந்தார். இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, தொப்பியைக் கழற்றி, பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். நாற்பது வருடம் எங்கள் ஊரில் இருந்தவர் வாயில் அப்போதுதான் முதல்முறையாக எங்கள் மொழியைக் கேட்டேன்.

பெரியம்மா அவர் பிடித்திருந்த கதவு வழியாக, அங்கே யாரும் இல்லாத மாதிரி உள்ளே போனாள். தபால்தலை வாங்கினாள். சில்லறையைப் பையில் போட்டாள். அவர் இன்னும் கதவருகேதான் நின்றிருந்தார், தலையெல்லாம் பனி. மறுபடியும் அதே மாதிரி வெளியே வந்தாள்.

பத்தடி தூரம்தான் என்னால் பொறுக்க முடிந்தது. "பாவம் பெரியம்மா, கெழவன். வணக்கமாவது வச்சிருக்கலாம்."

"பாவந்தான்," என்றாள். "உங்கம்மாவுக்கு பத்து வருஷம். அந்தாளுக்கு நாலு மாசந்தான ஆச்சு."